முந்தானைக்குள் ஒரு படம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் நிழலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகள் வண்டி ஏறி, மீன் செதிலும் உப்புத் தண்ணீருமாகத் தரை முழுக்கப் பளபளக்கும் நேரம் அது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், அந்த நேரத்தில் கூடையில் சங்கரா மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆயாவைப் படம் எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்க தம்பி" என்று முடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு படம். எடுத்து முடித்ததும் வழக்கம்போல் கேமராவைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "என் மூஞ்சி தெரியுது தம்பி. ஆனா இது போட்டோ இல்லியே, கண்ணாடி மாதிரி இல்ல இருக்குது" என்றார்.

உண்மைதான். திரையில் அவர் முகம் இருந்தது, அவருக்குப் பின்னால் இருந்த வானமும் இருந்தது. நான் எடுத்த படம் எங்கேயோ அடியில் சாம்பல் பூத்த மாதிரிக் கிடந்தது. கையைக் குவித்து மறைத்தேன். உடம்பைத் திருப்பினேன். திரையின் பிரகாசத்தைக் கடைசிவரை கூட்டினேன். எதுவும் உதவவில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, தன் தலையையும் என் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டார். வார் என் கழுத்தில் இருந்ததால் நானும் அவரோடு குனிய வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஐயே, கண்ண மூடிக்கினு இருக்கறேன். இது வேணாம். வேற எடு."

அந்த நாலு படத்தையும் நானும் பார்த்திருந்தேன். வெயிலில் நின்றபடி, ஒவ்வொன்றாக. நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். நாலில் மூன்றில் அவர் கண் மூடியிருந்தது. அந்த வெயிலுக்குக் கண் கூசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு மீன்கார ஆயா ஒரு நூல் சேலையின் முனையை வைத்து ஐந்து விநாடியில் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மனதில் ஓடியதெல்லாம் அந்தப் படங்களைப் பற்றி இல்லை. அதற்குப் பல வருடம் முன்னால் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான். அதைச் சொல்வதற்கு முன், வெயிலில் திரை ஏன் கண்ணாடியாகிவிடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் எனக்குப் பல விஷயம் விளங்கியது.

ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்கிற அளவில் சொல்வார்கள். நம் ஊர் உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். டியூப் லைட் போட்ட வீட்டுக் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வீட்டுக்குள் நாம் பார்ப்பதைப்போல் பல நூறு மடங்கு வெளிச்சம் வெளியே கொட்டுகிறது. அந்த வெயிலில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், அதன் பிரகாசம் ஏறத்தாழ 28,000 நிட் (ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அளவு). கேமராத் திரை தன் சொந்த பலத்தில் காட்டக்கூடிய வெள்ளை சில நூறு நிட், நல்ல திரையாக இருந்தால் ஆயிரத்தை ஒட்டி. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பூச்சு எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒரு முகம், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நாம் வெள்ளைச் சட்டை போட்டு வெயிலில் நின்றால், அந்தச் சட்டையின் பிம்பம் மட்டுமே திரையில் ஆயிரம் நிட்டுக்கு வரும். அதாவது படத்தில் இருக்கும் மிகப் பிரகாசமான வெள்ளையைவிட, நம் சட்டையின் பிம்பம் கூடுதல் வெள்ளையாக இருக்கும். அதற்குள் ஆயாவின் இமையை எங்கே போய்த் தேடுவது?

அன்றிலிருந்து வெளியே படம் எடுக்கப் போகும்போது வெள்ளைச் சட்டை போடுவதை விட்டுவிட்டேன். கருநீலம், அடர்பச்சை, இல்லையென்றால் கறுப்பு. வியர்வை கூடுதலாக வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் உடனே வித்தியாசம் தெரிகிறது. இதற்குப் பணமும் செலவில்லை.

கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. வெயிலில் கண்மணி 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இருட்டில் அதுவே 7 மில்லிமீட்டர் வரை விரியும். மணலையும் கடலையும் பார்த்துப் பழகிய கண், திரும்பித் திரையைப் பார்த்தால் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். படம் சரியாக விழுந்திருந்தாலும் "டார்க்கா இருக்கே" என்று மனசு சொல்லும். கை தானாக, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் சக்கரத்துக்குப் போகும்.

என் கையும் போனது. 2017 மாசி மகம், தேவனாம்பட்டினம்.

கடலூர்க்காரர்களுக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்து சேரும். பம்பை, மேளம், சங்கு, வெடி, மணலில் புதையும் கால்கள். கிழக்குக் கடற்கரை என்பதால் காலைச் சூரியன் கடலுக்கு மேலே இருப்பான். கரையில் நின்று கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் எல்லோரும் கறுப்பு உருவமாக விழுவார்கள். அதனால் நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்து நின்றிருந்தேன். சூரியன் என் முதுகில். சாமி தூக்கி வருபவர்கள் முகத்தில் முழு வெளிச்சம்.

எங்கள் மாமா சாமிப் பல்லக்குக்குத் தோள் கொடுத்த கடைசி வருடம் அது. முப்பது வருடத்துக்கு மேல் தூக்கியவர். முட்டி போய்விட்டது, அடுத்த வருடம் முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நல்லா எடுடா மருமவனே, இது ஞாபகத்துக்கு இருக்கணும்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

முதல் இருபது படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இருட்டு. மாமா முகம் இருட்டு, சாமியின் வெள்ளி அங்கி சாம்பல். ஒன்றரை ஸ்டாப்புக்குப் பக்கமாகக் கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மறுபடியும் எடுத்தேன். இப்போது திரையில் "சரியாக" இருந்தது. கார்டில் இடம் குறைவாக இருந்தது. கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் பெரிய ரா கோப்புகள் வேறு. அந்த இருட்டுப் படங்கள் எதற்கு என்று கடலில் நின்றபடியே ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்துவிட்டு இன்னும் நூறு படம் எடுத்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டதும் வயிற்றைப் பிசைந்தது. கூட்டி எடுத்த எல்லாப் படத்திலும் மாமாவின் வேட்டி வெறும் வெள்ளை. மடிப்பு இல்லை, கரை மட்டும் காற்றில் தொங்குகிற மாதிரி இருந்தது. வெள்ளி அங்கி ஒரு வெளிச்சத் திட்டு. மாமாவின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் தோல் நிறமே இல்லை. ராவில் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது, மிச்சம் வரவே இல்லை. சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் தகவலே இல்லை, எதை இழுப்பது? தப்பித் தவறி அழிக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு "இருட்டு" படத்தைத் திறந்தேன். அது அற்புதமாக இருந்தது. வேட்டியின் ஒவ்வொரு மடிப்பும், அங்கியின் வேலைப்பாடும் அப்படியே. ஆனால் அந்தப் படத்தில் மாமா இல்லை. அவருக்கு முன்னால் வந்தவர்தான் இருந்தார்.

கார்டிலிருந்து அழித்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இரவு முழுக்க ஓட்டினேன். கேமராவில் நாம் அழிக்கும்போது பெரும்பாலும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற குறிப்புதான் போகும். படத்தின் தகவல் கார்டிலேயே இருக்கும், அதன்மேல் வேறு படம் எழுதப்படும்வரை. நான் அதன்மேல் நூறு படம் எழுதியிருந்தேன். இருபதில் மூன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒன்றில் மேல் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை படம், அதற்குக் கீழே சாம்பல் பட்டை. மாமாவின் முகமும், தோளில் ஏறிய தண்டும், அதைப் பிடித்திருந்த கையும் தப்பித்திருந்தன. கடலும் கால்களும் போய்விட்டன. மாமா வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது, சாம்பலை வெட்டிவிட்டு. "இது போதும்டா" என்றார். எனக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம், நான் செய்த தப்பு அழித்தது மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அழிக்காமல் இருந்தால் சரி என்று. ஆயாவின் முந்தானைக்குப் பிறகுதான் உறைத்தது. அழித்தது இரண்டாவது தப்பு. வெயிலில் திரையைப் பார்த்து, அந்தப் படம் எப்படி இருக்கிறது என்று நானே முடிவு கட்டியதுதான் முதல் தப்பு. வெயிலில் திரையிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். வெளிச்சம் எல்லை தாண்டியதா, கண் திறந்திருக்கிறதா, ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று கேட்டால் பதில் வரும். படம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது. அது நிழலுக்குப் போன பிறகு.

மஞ்சக்குப்பத்தில் நான் ஃபிலிம் கழுவக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருந்தார். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் திரையே கிடையாது. ஃபிலிம் டப்பாவோடு வரும் தாளில் சூரியன், மேகம் எல்லாம் படம் போட்டு, இந்த வெளிச்சத்துக்கு இந்த அளவு என்று அச்சடித்திருப்பார்கள். அதை மனப்பாடமாக வைத்திருந்தார். நல்ல வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 அல்லது 1/125 விநாடி. வெள்ளை மணல் என்றால் எஃப் 22. "வெயிலு நேத்தும் இதே வெயிலுதான் தம்பி, நாளைக்கும் இதேதான். நீ ஏன் மாத்திக்கினே இருக்க?" என்பார். இன்றைக்கும் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400 என்று வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்தில் காலை பத்து மணிக்கு எடுத்துப் பாருங்கள். மேகம் மறைக்காதவரை மாற்ற வேண்டிய அவசியமே வராது. 2017-இல் நான் அழித்த படங்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தன. இந்தக் கணக்கு தெரிந்தும் திரையை நம்பினேன்.

எடுத்த உடனே பார்க்கிற பழக்கமே நமக்குப் புதிது. 1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் திரை கிடையாது. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்தது, பார்ப்பதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். 1995-இல் கேசியோ க்யூவி 10 வந்தபோதுதான் முதுகில் 1.8 அங்குலத் திரையோடு ஒரு டிஜிட்டல் கேமரா சாதாரண மக்கள் கைக்கு வந்தது. ஐயா கேமராவுக்குள் எட்டிப் பார்க்காமல் வாழ்நாள் முழுக்கக் கல்யாணம் எடுத்தார். நமக்கு அது முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. பார்க்கிற வசதி பெரிய வரம். எதைப் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

வெயிலில் நான் முதலில் பார்ப்பது ஹிஸ்டோகிராம். படத்தில் உள்ள புள்ளிகளை இருட்டிலிருந்து வெளிச்சம்வரை, 0 முதல் 255 வரை, வரிசையாக எண்ணி மலை மாதிரி வரைந்து காட்டும் வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. இதற்குத் திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதே இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு, அரைகுறையாகத் தெரிந்தால் போதும். மலை வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். வேட்டி கட்டிய ஆள் வெயிலில் நின்றால் வலது பக்கம் ஒரு சின்ன மேடு வரும். அதுதான் வேட்டி. அந்த மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல்நுனி இடம் இருந்தால் மடிப்புகள் பத்திரம். மாநிற முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே வெயிலில் நிற்கும்போது, முகத்தைக் கொஞ்சம் இருட்டாக விட்டு வேட்டியைக் காப்பாற்றுவதுதான் என் முடிவு எப்போதும். முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். போன வேட்டி வராது.

கூடவே, வெளுத்துப்போன இடங்களைக் கறுப்பும் வெள்ளையுமாக மின்னவிடும் எச்சரிக்கையையும் போட்டு வைத்திருக்கிறேன். வெயிலில் நிலையான படம் தெரியாவிட்டாலும், மின்னுவது கண்ணில் படும். ஆனால் மின்னுகிற எல்லாவற்றுக்கும் பயப்படக் கூடாது. அலை நுனியில் தெறிக்கும் சூரியன், அங்கியின் முனையில் பளிச்சிடும் புள்ளி, ஈர வாளை மீனின் முதுகுக் கோடு எல்லாம் மின்னட்டும், அவை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வேட்டி முழுக்க மின்னினால்தான் குறைக்க வேண்டும். ராவில் எடுத்தாலும் இந்த ஹிஸ்டோகிராமும் எச்சரிக்கையும் கேமரா உள்ளுக்குள் தயாரிக்கும் ஜேபெக் படத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. அதனால் உண்மையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். கேமராவின் பிக்சர் ஸ்டைல் அமைப்பில் கான்ட்ராஸ்டை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) குறைத்து வைத்தால் வரைபடம் ராவுக்கு இன்னும் பக்கத்தில் வரும்.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் இல்லாத படம் எது? குங்குமம், பட்டு, சாமந்தி, சங்கரா மீன், புதுச்சேரி வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமில் பச்சைக்குத்தான் எடை அதிகம். சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிப் போனாலும் அந்த வரைபடம் சமர்த்தாக நடுவில் நிற்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்புப் பட்டு ஒரே சாயக் கட்டியாக, நெசவே தெரியாமல் இருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி வரைபடம் அநேகமாக எல்லாக் கேமராவிலும் உண்டு. டிஸ்ப்ளே பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்தினால் வந்துவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்த மஞ்சள் சுவர்கள்தான். மதிய வெயிலில் அவை சிவப்புத் தடத்தில் எல்லையைத் தொட்டு, மஞ்சள் எலுமிச்சை நிறத்துக்குச் சாய்ந்துவிடும்.

சரி, நிழல். திரையைப் பார்க்க நிழல் வேண்டும், நாம் நிற்பதோ வெட்டவெளி. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவை மார்போடு ஒட்டிப் பிடித்தால் நம் உடம்பின் நிழல் திரையில் விழும். நம் முன்பக்கமும் நிழலில் இருப்பதால் பிம்பமும் மங்கிவிடும். சூரியனைப் பார்த்து நின்றால் திரையில் நேர் வெயில் விழாது என்பது சரிதான், ஆனால் நம் முகமும் சட்டையும் முழு வெளிச்சத்தில் பளபளத்து உள்ளே வந்து உட்காரும். காலையிலும் மாலையிலும் இந்த வித்தை பலிக்கும். நடுப்பகலில் பலிக்காது. அதுவும் நம் அட்சரேகையில், ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திக் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அந்த நாள். நம் நிழலே நம் காலடியில் ஒளிந்துகொள்ளும்போது திரைக்கு எங்கிருந்து கொடுப்பது? அகல விளிம்புத் தொப்பி ஒன்றுதான் அப்போது கைகொடுக்கும்.

அதற்கெல்லாம் மேலான வழி துணிதான். ஆயாவைப் படம் எடுத்த அன்று மாலையே அம்மாவின் பழைய கறுப்புச் சேலை ஒன்றிலிருந்து முக்கால் மீட்டர் வெட்டி, ஓரம் அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நூல் துணி, இரண்டு மடிப்பு. பழைய ஸ்டுடியோக்களில் முக்காலிமேல் நிற்கும் பெரிய மரக் கேமராவில், தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்க்க இதே மாதிரி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இருந்த பிரச்சினையும் இதேதான், தீர்வும் இதேதான். துணிக்குள் போனதும் உடனே பார்க்க ஆரம்பிக்காமல் நாலைந்து மூச்சு விட்டுவிட்டுப் பாருங்கள். கண் விரியட்டும். முழுசாகப் பழக இன்னும் நேரம் ஆகும், ஆனால் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

திரைமேல் வைத்துப் பார்க்கிற லூப் கடையில் கிடைக்கிறது. ஹூட்மேன் என்கிற நிறுவனம் இதற்கென்றே செய்கிறது. உள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும், அதனால் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். கறுப்பு அட்டையில் நானே ஒரு பெட்டி செய்து பார்த்தேன். லென்ஸ் இல்லாததால் அவ்வளவு பக்கத்தில் கண் குவியவில்லை, அதை விட்டுவிட்டேன்.

உள்ளே நிமிரும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதே இல்லை. கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் ஜன்னலான வியூஃபைண்டருக்குள்ளேயே எடுத்த படத்தைப் பார்க்கலாம். பிளே பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை வைத்தால் போதும். ரப்பர் வளையம் வெயிலை வெளியே நிறுத்திவிடும். கண்ணாடி நிமிரும் டிஎஸ்எல்ஆரில் இது முடியாது, அதன் ஜன்னலில் தெரிவது நேர்க் காட்சி மட்டும். எனக்கு 43 வயதில் வெள்ளெழுத்து வந்தது. முதுகுத் திரையைப் பார்க்க மூக்குக் கண்ணாடி வேண்டும், தூரத்தைப் பார்க்கக் கழற்ற வேண்டும், கடலில் நின்றுகொண்டு இரண்டையும் எப்படிச் செய்வது? வியூஃபைண்டர் ஓரத்தில், பார்வைக்கு ஏற்பச் சரிசெய்ய இருக்கும் டயாப்டர் சக்கரத்தை ஒரு தடவை நம் கண்ணுக்குத் திருப்பி வைத்துவிட்டால் உள்ளே எழுத்து முதல் இமை வரை கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன்.

பிரகாசத்தைக் கூட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. சோனி கேமராக்களில் "சன்னி வெதர்" என்றே ஒரு அமைப்பு உண்டு, மற்ற நிறுவனங்களிலும் கூட்டிக் குறைக்க வழி இருக்கும். கூட்டலாம், தப்பில்லை. குறைக்க மறந்தால்தான் ஆபத்து. பகலெல்லாம் வீராம்பட்டினத்தில் எடுத்துவிட்டு, சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்தேன். வண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் நடக்கிற நேரம், காந்தி சிலைப் பக்கம் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒவ்வொரு படமும் தீபம் மாதிரி ஒளிர்ந்தது. வெயிலுக்கு ஏற்றி வைத்த திரை அது. வீட்டில் பார்த்தால் எல்லாம் ஒன்றரை ஸ்டாப் குறைவு. காலையில் ஏமாற்றிய அதே திரை, மாலையில் எதிர்ப்பக்கமாக ஏமாற்றியது.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே திசையில் அதிர்கிற ஒளிதான். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் சில திரைகள் முழுக்கக் கறுத்துவிடும், கேமரா கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். அப்புறம் உப்பு. கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றால் திரைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். வெயில் அதில் பட்டுச் சிதறி, இருக்கிற கொஞ்ச கான்ட்ராஸ்டையும் கொன்றுவிடும். அதை வேட்டி நுனியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும்.

ஃபோகஸ் பார்க்க நான் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இமையைத் தேடுவதில்லை. வெயிலில் அது கிடைக்காது. சேலையின் ஜரிகை ஓரம், மீசை, படகில் எழுதியிருக்கும் எண் என்று கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தைத் தேடிப் பார்க்கிறேன். அது முகத்துக்குச் சமமான தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அழிப்பதை முழுசாக நிறுத்திவிட்டேன். கார்டு இன்று அவ்வளவு விலை இல்லை. இரண்டு கார்டு கூடுதலாகப் பையில் இருக்கும். தேர்வு செய்வது வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அறையில்தான். அவசரமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு படகு நிழலிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து செய்வேன்.

ஆனால் எடுத்தவர்களிடம் காட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அதை வீட்டுக்குத் தள்ளிப்போட முடியாது. ஒருவர் வேலையை நிறுத்தி நமக்காக நிமிர்ந்து உட்கார்ந்தால், அதில் என்ன விழுந்தது என்று பார்க்கும் உரிமை அவருக்கு அங்கேயே, அப்போதே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும்தான். மங்கலாகத் தெரியும் திரையை நீட்டிவிட்டு "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்வது அவரை ஏமாற்றுவது. பல வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். இப்போது கறுப்புத் துணியை எடுத்து அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன். வலை பின்னும் பெரியவர்கள் முதலில் தயங்குவார்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக உள்ளே புகுந்துகொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் துணிக்குள்ளிருந்து நான் கவனிக்காத ஏதோ ஒன்று சொல்லப்படும். பின்னால் யாரோ நிற்கிறார்கள், பொட்டு நகர்ந்திருக்கிறது, கூடை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

அந்த ஆயாவை அன்றைக்கு மறுபடியும் எடுத்தேன். இந்த முறை வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காரச் சொன்னேன், கண் கூசாமல் இருக்க. முந்தானைக்குள் போய்ப் பார்த்து, ஒன்றைக் காட்டி, "இத்த குடு" என்றார். இரண்டு வாரம் கழித்து அதை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதே நேரம், அதே இடம், அதே வெயில். உறையைப் பிரித்து நீட்டினேன். கை தானாகப் பைக்குள் கறுப்புத் துணியைத் தேடியது.

அவர் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தூக்கி, வெயில் முழுக்க அதன்மேல் விழும்படி வைத்துக்கொண்டார். மேட் தாள், கூசவில்லை. எவ்வளவு வெயில் விழுந்ததோ அவ்வளவும் படத்துக்குள் போய், சங்கராவின் சிவப்பு, மூக்குத்தி, கழுத்து மடிப்பு எல்லாம் வீட்டில் நான் கணினியில் பார்த்ததைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஓரத்தில், நான் ஒரு தடவைகூடக் கவனிக்காத, பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒரு நீலப் படகின் மூக்கில் விரலை வைத்தார்.

"இது எங்கள்து" என்றார். "போன மாசம்தான் வித்தோம்."